வழுக்காத தரை

அவரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது பாதங்கள்தான். முகம் பிறகுதான் வரும், அதுவும் பாதி மறைந்து, பக்கவாட்டில். அகலமான பாதங்கள். முப்பத்தைந்து வருஷம் நெய்வேலி மைன்ஸ் பூட்ஸுக்குள் கிடந்ததில் கணுக்காலுக்குக் கீழே வெளுத்துப் போயிருந்தன. மேலே ஆள் நல்ல கறுப்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றால் இரண்டு ஆட்களை ஒட்டவைத்தது போலத் தெரியும்.

நான் அப்போது வடலூரில் ஒரு டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தேன். வீடு முத்தாண்டிக்குப்பம். கணவருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. வாட்ஸ்அப் புதிதாக வந்து, ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. டவுன்ஷிப்பில் ரிட்டயர் ஆகப் போகிறவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே என்று வெளியே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். பாவம், வாழ்நாளெல்லாம் கம்பெனி போட்டுக்கொடுத்த தரையில் நடந்தவர்கள். சொந்தமாக ஒரு தரையைப் பொறுக்கச் சொன்னால் அவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கணவர் பச்சை என்பார், மனைவி சந்தனம் என்பார், மகன் பெங்களூரிலிருந்து போனில் மரக் கலர் என்பான். கடைசியில் மூன்று பேருக்கும் பிடிக்காத ஒன்றை எடுத்துக்கொண்டு போவார்கள். நான் வாயெல்லாம் பல்லாக நிற்பேன். "கண்ணாடி மாதிரி இருக்கும் சார், மொகம் பாக்கலாம்" என்பது என் வசனம். ஒரு நாளைக்கு இருபது முறை சொல்வேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் கடை வேறு மாதிரி ஆகிவிடும். வெயில் சாய்ந்து உள்ளே வந்து, சுவரோரம் நிறுத்தியிருக்கும் டைல்ஸில் பட்டு, கூரையில் தண்ணீர் அசைவதுபோல ஆடும். வெளியே ஒரு லாரி போனால் கடை முழுக்க ஒரு முறை மினுங்கி அடங்கும். அந்த நேரத்தில் ஆட்கள் வரமாட்டார்கள். நான் நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருப்பேன். அப்போது பார்த்தவற்றில் எது நிஜம், எது சொப்பனம் என்று இன்றைக்குச் சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது. என் நினைவில் அவர் முதல் முறை வந்தது ஒரு மார்கழி மாதம், அப்படி ஒரு மத்தியானத்தில்தான்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். டைல்ஸ் கடைக்குள் செருப்பைக் கழற்றுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இன்னா சார் பாக்குறீங்க? ஹாலுக்கா, பெட்ரூமுக்கா?"

"கார் ஷெட்டுக்கும்மா."

"அது பின்னாடி இருக்குது சார். ஹாலெல்லாம் எடுத்தாச்சா?"

"அதெல்லாம் பொண்ணு பாத்துக்குவா. எனக்குக் கார் ஷெட்டு மட்டுந்தான்."

கார் ஷெட்டுக்குத் தரை பொறுக்குவது என்பது எங்கள் கடையில் ஐந்து நிமிஷ வேலை. வீடு முழுக்க எடுத்து முடித்த பிறகு, கிளம்புகிற அவசரத்தில், "அந்தக் கட்டம் போட்டதுல ஒரு லோடு ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காருக்கு எந்தத் தரையாக இருந்தால் என்ன? இவர் அதை முதலில் ஆரம்பித்தார். எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

டைல்ஸைக் கையில் வாங்கிப் பார்க்கமாட்டார். தரையில் போடச் சொல்வார். பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் வரும், ஒரு ஷாம்பு பாக்கெட் வரும், சின்ன மருந்து பாட்டிலில் பழைய இன்ஜின் ஆயில் வரும், கடைசியில் கிழிந்த பனியன் துணி வரும். முதலில் தண்ணீர் ஊற்றி, வலது காலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். குதிகாலை மெதுவாகத் திருப்புவார். பிறகு ஷாம்பு. பிறகு ஆயில். கண்ணை மூடி ஒற்றைக் காலில் அவர் நிற்கும்போது கூரை வெளிச்சம் அவர் வழுக்கைத் தலையில் ஆடிக்கொண்டிருக்கும். நின்ற இடத்திலேயே எங்கோ போய்விட்டார் என்று தோன்றும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "ம்ஹூம்" என்பார். துணியால் தரையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, "நாளைக்கு வேற பாக்கலாம்மா" என்று கிளம்புவார்.

"பாக்க நல்லாதான சார் இருக்குது?" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன்.

"கண்ணு பொய் சொல்லும்மா. கால கேளுங்க."

இதை அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். எங்கள் முதலாளிக்கு அவரைக் கண்டால் ஆகாது. "அந்தாளு வந்தா மொதல்ல ஷாம்புவ புடுங்கி வையி" என்பார். நானும் பையன்களும் அவருக்குப் 'பாதபூஜை' என்று பேர் வைத்திருந்தோம். அவர் காதில் விழாமல்தான் சொன்னோம். விழுந்திருந்தாலும் நிமிர்ந்திருக்கமாட்டார்.

தைப்பூசத்து அன்று அவரைக் கூட்டத்தில் பார்த்தேன். அன்றைக்கு வடலூரில் எள் போட்டால் எள் விழாது. ஜோதி தரிசனத்துக்காக எல்லோரும் எக்கி எக்கி வள்ளலார் சபையின் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நீர்மோர்ப் பந்தலுக்கு அருகே இவர் மட்டும் சபைக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். காலடியில் மோர் சிந்திச் சிமெண்ட் தரை வழவழவென்று கிடந்தது. எங்கிருந்தோ ஒரு சட்டியில் மணல் கொண்டுவந்து தூவிக்கொண்டிருந்தார். ஜனங்கள் அவரைத் தொண்டர் என்று நினைத்து, எந்த வரிசையில் போவது என்று கேட்டார்கள். "இப்படிப் போங்க, இங்க ஈரம் இல்ல" என்று அவரும் வழி சொன்னார். ஜோதியை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. திரை விலகி எல்லோரும் கைகூப்பியபோதும் மணலைத்தான் காலால் நிரவிக்கொண்டிருந்தார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடுப்பு ஒடிந்தவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற அந்த நாலு கால் கம்பி. கடைப் பையன் பதறி நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"அய்யோ, எப்ப சார் வுழுந்தீங்க?" என்றேன்.

"நான் வுழல. எங்க வூட்லதான்."

மனைவியைச் சொன்னார். வாக்கரின் ரப்பர்க் கால்களை ஒவ்வொரு டைல்ஸாக வைத்து, உடம்பு பாரம் முழுவதையும் போட்டு அழுத்தி, சறுக்குகிறதா என்று பார்த்தார். கட்டம் போட்டதில் கால் இடறியது. கடப்பாக் கல்லில் மழைக்காலத்தில் பாசி பிடிக்கும் என்றார். சிமெண்ட்டுக் கட்டைகளைப் பதித்தால் இடுக்கில் ரப்பர் மாட்டிக்கொள்ளும் என்றார். அப்புறம் கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றதும் இருவரும் வாசலோரம் டைல்ஸ் ஒட்டும் பசைமாவு மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். அன்றுதான் விஷயத்தைச் சொன்னார்.

மனைவி விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. இடுப்பில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அந்த அம்மாள் எழுந்திருப்பதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும்தான். குவார்ட்டர்ஸ் கேட்டைத் தாண்டி இரண்டு வருஷமாக வெளியே வரவில்லை.

"தரையில கால வெக்க பயப்படுறாம்மா. பஸ்ஸுல ஏத்த முடியாதுன்னு பழைய கார் ஒண்ணு வாங்கிட்டேன். புது வூட்டுக்கு வந்தான்னா மொதல்ல எறங்கறது ஷெட்டுலதான். அங்க கால் நின்னுடுச்சின்னா அப்புறம் எங்க வேணாலும் நிக்கும். அங்க நிக்கலன்னா புது வூட்டுலயும் கட்டில்தான்."

எனக்கு ஒன்று இடித்தது. "குவார்ட்டர்ஸ்ல சிமெண்ட்டு தரதான சார் இருக்கும்? அதுல எப்படி வழுக்கும்?"

அவர் வாக்கரின் ரப்பரைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டேம்மா. பொண்ணு கல்யாணத்துக்கு நாலு பேரு வருவாங்கன்னு பின்பக்கத் தாழ்வாரத்துக்கு டைல்ஸ் போட்டேன். இங்கதான் வாங்கனது. நீங்கதான் காட்டுனீங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்னீங்க. அப்படியேதான் இருந்திச்சி."

எனக்கு அவரை நினைவே இல்லை. எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறேன். என் முகம் எப்படிப் போயிற்றோ, அவர் கையை ஆட்டினார்.

"அய்யய்ய, உங்கள சொல்லலம்மா. நீங்க நாலு காட்டுனீங்க. பொறுக்கனது நானு. அவ சாதா போதும்னா. நான்தான் பளபளன்னு இருக்கட்டும்னேன்."

அன்றிலிருந்து அந்த வசனத்தை நான் சொல்லவில்லை. விற்பனை குறைகிறது என்று முதலாளி முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும் என்று விட்டேன். அவர் வருகிற மத்தியானங்களில் ஷாம்பு பாக்கெட்டை நானே வாங்கி வைத்தேன். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு டைல்ஸ் மேல் நின்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் உள்ளங்காலுக்கு எத்தனை விதம் தெரிகிறது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் கோடையில் நாங்கள் இரண்டு பேரும் பேச்சில்லாமல் ஆளுக்கொரு டைல்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்போம். வெளிச்சம் கூரையில் அலையும். இன்றும் சில நாள் தூக்கத்தில் அந்தக் கடை வருகிறது. ஆள் யாரும் இல்லாமல், ஈரப் பாதத் தடங்கள் மட்டும் ஒரு டைல்ஸிலிருந்து அடுத்த டைல்ஸுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன.

ஆடி மாதக் கடைசியில் கிடைத்தது. பின்பக்க குடோனில், யாரும் சீந்தாமல் தூசி படிந்து கிடந்த சாம்பல் நிறச் சரக்கு. பார்ப்பதற்கு அழுமூஞ்சி. அவர் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்தார். ஷாம்பு ஊற்றினார். ஆயில் ஊற்றினார். குதிகாலைத் திருப்பினார், நகரவில்லை. வறுத்த ரவையை மிதித்தது மாதிரி ஒரு நெருநெருப்பு, ஆனால் குத்தவில்லை. வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை. அழுகிறாரோ என்று நான் குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகப் போயிருக்கும். அவர் மைன்ஸ் ஆளாக இல்லாதிருந்தால்.

மைன்ஸில் அவருக்கு வேலை பம்ப் செக்‌ஷனில். நெய்வேலியில் தோண்டத் தோண்டக் கீழேயிருந்து தண்ணீர் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். தரையை ஒரு பக்கமாகத் தாழ்த்தி, தண்ணீரையெல்லாம் ஒரு குழிக்கு வரவைத்து, அங்கிருந்து இறைத்து வெளியே தள்ளினால்தான் மற்ற வேலை நடக்கும். அவருக்குத் தெரிந்த தரை அதுதான். புரட்டாசியில் கார் ஷெட்டுக்கு டைல்ஸ் பதிக்கும்போது, நடுவில் குழி வைத்து நாலு பக்கமும் அதை நோக்கிச் சரிவாக வாட்டம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

சரக்கு இறக்க நான் போயிருந்தபோது மேஸ்திரி என்னிடம் தலையிலடித்துக்கொண்டார். "நீயாவது சொல்லும்மா. வாட்டம் கேட்டுப் பக்கம் குடுத்தா தண்ணி தானா ரோட்டுக்குப் போயிடும். இவரு வூட்டுக்குள்ள மைன்ஸ் தோண்டச் சொல்றாரு!"

"கேட்டுப் பக்கந்தான்யா அவ எறங்குவா" என்றார் அவர். "அவ கால்கிட்ட தண்ணி ஓடக் கூடாது. குழியில சின்ன மோட்டார் வெச்சிக்கலாம். நான் பாத்துக்கறேன்."

தண்ணீர் விஷயத்தில் அவருக்கு நான் என்ன சொல்வது? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்வதுண்டு.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலையில் போன் செய்தார். "ஏம்மா, அந்தச் சரக்கு இன்னும் இருக்குதா?" என்றார். குடையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். தெருத் தண்ணீர், மாடித் தண்ணீர் எல்லாம் உள்ளே இறங்கியிருந்தது. கரண்ட் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. ஷெட்டுக்குள் ஒரு குளம். அதற்கு நடுவில் அவர் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கம்மா, வந்து நின்னு பாருங்க. தண்ணிக்குள்ளகூட வழுக்கல!"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே வடிந்துபோயிற்று.

"அடுத்த மாசம் கிரகப்பிரவேசம். குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். இதுல அவ எப்படி எறங்குவா? மறுபடியும் நானே கெடுத்துட்டேம்மா." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இனிமே நான் எதுவும் சொல்லல. நீங்களே மேஸ்திரிகிட்ட பேசிடுங்க."

அந்த மனிதர் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. நேராகக் கடைக்குப் போய், குடோனில் மிச்சமிருந்ததை ஒன்று விடாமல் எடுத்து வைத்தேன். மழை விட்டதும் உடைத்துவிட்டு, கேட்டுப் பக்கம் வாட்டம் கொடுத்துப் புதிதாகப் பதித்தார்கள். அந்த நாட்களில் அவர் ஷெட்டுக்குள் வரவேயில்லை. மேஸ்திரி வாளித் தண்ணீரை ஊற்றியபோது அது மளமளவென்று ரோட்டுக்கு ஓடியதைத் தெருவில் நின்று பார்த்தார். காலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். "நீங்களே பாருங்கம்மா" என்றார்.

கார்த்திகையில் கிரகப்பிரவேசம். விடியற்காலை மகளும் மருமகனும் மணையில் உட்கார்ந்து செய்த ஹோமம் எல்லாம் முடிந்து, வெயில் ஏறிய பிறகுதான் மனைவியை அழைத்துவரப் போனார். என்னை ஷெட்டில் நிற்கச் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் உறவுக்காரர்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹோமப் புகை ஜன்னல் வழியாக வந்து ஷெட்டில் மெல்லத் தேங்கி நின்றது. அதற்குள் அந்த வெள்ளைக் கார் சத்தமில்லாமல் நுழைந்தது. நிறைகுடத்தைச் சுமந்து வருகிறவர் போல ஓட்டி வந்தார்.

கதவைத் திறந்தார். காய்ந்து கிடந்த தரையைத் துண்டால் இன்னொரு முறை துடைத்தார். "வாக்கர உள்ள வெச்சிட்டேன். வந்துடறேன், கால கீழ வெக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

அந்த அம்மாள் காருக்குள் இருந்தபடி என்னைப் பார்த்தார். ஒடிசலான உடம்பு, பெரிய பொட்டு.

"நீதான் டைல்ஸ் கடைப் பொண்ணா?"

"ஆமாங்கக்கா." அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "என்ன மன்னிச்சிடுங்கக்கா. அந்த வழவழ டைல்ஸ் நான்தான் குடுத்தேன்."

"எந்த டைல்ஸு?"

"குவார்ட்டர்ஸ்ல போட்டது. நீங்க வழுக்கி வுழுந்தீங்களே."

"நான் எங்க வழுக்கனேன்?" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. அவர் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு காலையிலேர்ந்தே தல சுத்திகினு இருந்திச்சி. துணி எடுக்கப் போனேன், கண்ணு இருட்டிகினு வந்திச்சி, வுழுந்துட்டேன். தர ஈரமாகூட இல்ல. ஓடிவந்து தூக்கன மனுஷன் வழுக்கிடுச்சா வழுக்கிடுச்சான்னாரு. தலன்னு சொன்னா பயந்துடுவாரு. தரன்னா மாத்திக்கலாம், தலைய இன்னா பண்ணுவாரு? ஆமான்னுட்டேன். மறுபடியும் சுத்துமோன்னுதான் எனக்கு எழுந்திருக்கவே பயம்."

"அக்கா, அவரு பொறுக்கன டைல்ஸாலதான் நீங்க வுழுந்தீங்கன்னு ரெண்டு வருஷமா நெனச்சிகினு இருக்காரு." ஷாம்பு, ஆயில், வாக்கர், மணல் சட்டி என்று எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொல்லிக் கொட்டினேன்.

"கீழயே பாத்துகினு வருவாரு, கீழயே பாத்துகினு போவாரு. படுத்துக் கெடக்கறவ மொகத்தப் பாக்கப் புடிக்கல போலன்னு நான் நெனச்சிகினேனே" என்றார் அந்த அம்மாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் அந்த மனிதர் வாக்கரோடு வந்தார். அதைக் காருக்குப் பக்கத்தில் வைத்து, நாலு ரப்பரும் பதிந்திருக்கிறதா என்று குனிந்தார்.

"அத அங்க வெச்சிட்டு இப்படி வாங்க" என்றார் மனைவி. "நான் அன்னிக்கு வழுக்கி வுழலங்க. தல சுத்தி வுழுந்தேன். உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

அவர் குனிந்தபடியே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தாலும் நியாயம்தான், எத்தனை மத்தியானங்கள்! உள்ளே யாரோ சாம்பார் கேட்டார்கள். அவர் வாக்கரிலிருந்து கையை எடுத்து, மெதுவாக நிமிர்ந்து, மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இப்ப சுத்துதா?"

"லேசா" என்று அந்த அம்மாள் கையை நீட்டினார். "புடிச்சிக்கங்க."

பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் ஒரு காலை இறக்கினார், இன்னொரு காலை இறக்கினார், எழுந்து நின்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே ஷெட்டைக் கடந்து வாசற்படிக்குப் போனார்கள். எட்டு மாதம் தேடிப் பொறுக்கிய அந்தத் தரையை அன்றைக்குப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.